நடந்து போகும் தூரத்தில் ஒரு பள்ளி: எதைப் பார்த்து எடை போடுவது?

மார்ச் வந்தால் நம் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரியும் பார்க்கிங்கும் பின்னுக்குப் போய்விடும், பள்ளிச் சேர்க்கை முன்னுக்கு வந்துவிடும். இந்த முறை இரண்டு குடும்பத்தினர் தெருமுனையில் இருக்கும் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியைப் பற்றி விசாரித்திருந்தார்கள். வந்த பதில்களில் பாதி "கேள்விப்பட்டேன்" ரகம். மீதி, கேட்டின் பெயின்ட்டைப் பற்றியது. பள்ளி நேரத்தில் உள்ளே போய்ப் பார்த்ததாக யாரும் எழுதவில்லை.

பக்கத்துப் பள்ளி நல்ல பள்ளிதானா என்ற கேள்விக்கு நம் ஊரில் இருநூறு ஆண்டுக்கு மேல் வயதாகிறது. ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வோர் அளவுகோல் இருந்தது. அந்த அளவுகோல் பள்ளியையே மாற்றியும் இருக்கிறது.

எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் போகாதவர் நம்மில் இருக்க முடியாது. அந்த வட்டாரத்தில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்று இருந்தது. 1789-இல் அதன் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் மசியவில்லை. உடனே எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு அவனையே எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார். நம் சட்டாம்பிள்ளை முறைக்கு நெருங்கிய உறவு இது. 1797-இல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், செலவு குறைவு. பள்ளியின் பெருமை அப்போது சிக்கனத்தில் இருந்தது. ஓர் ஆசிரியர் எத்தனை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியும் என்ற கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்து தாமஸ் மன்றோ. அண்ணா சாலையில் குதிரைமேல் நிற்கிறாரே, அவர்தான். 1822-இல் கவர்னராக இருந்தபோது எல்லா மாவட்டக் கலெக்டர்களிடமும் கணக்குக் கேட்டார்: எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளை, என்ன சாதி, எத்தனை வருஷம் படிக்கிறார்கள், மாதச் சம்பளம் எவ்வளவு? 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண் குழந்தைகள் வெறும் 4,540. சென்னை நகரக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைவிட வீட்டிலேயே படிப்பவர்கள் ஐந்து மடங்குக்கும் மேல் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். மன்றோவே அதை நம்பவில்லை. எது எப்படியோ, பிள்ளையைத் தெருப் பள்ளிக்கு அனுப்பாமல் வேறு ஏற்பாடு செய்துகொள்ளும் வழக்கம் அபார்ட்மென்ட் காலத்தில் வந்ததல்ல.

எண்ணிக்கைக்குப் பிறகு தேர்ச்சி வந்தது. பிள்ளைகள் தேர்வில் தேறினால்தான் பள்ளிக்கு மானியம் என்ற விதியை 1862-இல் இங்கிலாந்து கொண்டுவந்தது. மதராஸ் மாகாணமும் அந்த வழியில் போனது. 1882-இல் ஹன்ட்டர் கமிஷன் விசாரித்தபோது இங்கே அதுதான் நடைமுறை. இன்ஸ்பெக்டர் வருவார், ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். தேறிய தலைக்கு இவ்வளவு பணம். விளைவு என்னவாக இருக்கும் என்று டியூஷன் சென்டர் பார்த்த நமக்குச் சொல்ல வேண்டாம். பாடப் புத்தகத்தை முழுக்க மனப்பாடம் செய்ய வைத்தார்கள். பணம் தராத பாடங்கள் ஓரமாகப் போயின. ரிசல்ட்டை மட்டும் வைத்துப் பள்ளியை அளக்கும் பழக்கத்துக்கு இவ்வளவு நீண்ட, இவ்வளவு மோசமான முன்கதை இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த தேதி 1920 செப்டம்பர் 16. மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தருவது என்று அன்று மன்றம் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார்கள்: பிள்ளைகள் ஏழைகள், அதனால் பள்ளியின் எண்ணிக்கை அடிவாங்குகிறது. பிறகு இன்னும் சில பள்ளிகளுக்கு விரித்தார்கள். தொடக்கக் கல்வி நிதியில் சாப்பாட்டுச் செலவை எழுதக் கூடாது என்று அரசு சொன்னதால் 1925-இல் நின்றது. இரண்டு வருடம் கழித்துத் திரும்ப வந்தது. பிள்ளை ஏன் வரவில்லை என்று பள்ளி கேட்கத் தொடங்கியது இங்கேதான். மற்ற எல்லா அளவுகோல்களையும்விட இது மேலானது என்பது என் கருத்து.

காமராசர் 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கியதும், எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-இல் தொடங்கியதும், 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவும் இந்த வரிசைதான். ஆட்சிகள் மாறின, அடுப்பு அணையவில்லை. இதற்கு நடுவே அதிகம் பேசப்படாத ஒன்று, 1958 முதல் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். ஊர்க்காரர்களே கூடி, தங்கள் பள்ளிக்குப் பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம் என்று கொடுத்தார்கள். அதற்குமுன் பள்ளிக்கு என்ன குறை என்று உட்கார்ந்து பட்டியல் போட்டார்கள். பள்ளியை மதிப்பிடும் வேலையை ஊர் செய்தது.

இப்போது ஆசிரியர் எண்ணிக்கைக்கு வருகிறேன். 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூன்று, 120 வரை நான்கு, 200 வரை ஐந்து என்று வைத்திருக்கிறது. வகுப்புகளோ ஐந்து. இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். அவரில் ஒருவர் தலைமை ஆசிரியர்; மீட்டிங், பதிவேடு என்று அவர் போய்விட்டால்? பெல் காலத்துச் சட்டாம்பிள்ளை நினைவுக்கு வருகிறார். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஸ்மார்ட் போர்டு அல்ல. எந்த வகுப்பு எந்த வகுப்போடு உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். 11 இலக்க யுடைஸ் எண்ணைப் போட்டால் மாணவர், ஆசிரியர் எண்ணிக்கை இணையத்திலேயே கிடைக்கும். வகுப்பறை எப்படி இயங்குகிறது என்பது நேரில் போனால்தான் தெரியும்.

2022 முதல் நடக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் மலர், இன்னும் அரும்பில் இருப்பவருக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்லும் டீச்சர் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கழிப்பறையைப் பாருங்கள், தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்தே பாருங்கள். ஆங்கிலம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போதுமா என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஆங்கில வழிப் பிரிவு என்று போர்டில் இருப்பதை நம்பாமல், வகுப்பில் பேச்சு எந்த மொழியில் நடக்கிறது என்று காது கொடுங்கள். எல்லாரும் சேர்த்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. சில குடும்பங்களுக்கு இது சரிப்படாமல் போகலாம்.

இன்னொன்று. நம் வீடுகளில் வேலை செய்யும் அக்காமார் சிலரின் பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். டீச்சர் தினமும் வருகிறாரா, அடிக்கிறாரா, வீட்டுப்பாடம் திருத்துகிறாரா என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்து பேசுபவர்களும் அவர்களே. குழுவில் அத்தனை பேர் எழுதினார்களே, ஒருவராவது அவர்களிடம் விசாரித்தாரா?

போவதென்றால் காலை உணவு நேரத்தில் போங்கள். யார் சீக்கிரம் வந்திருக்கிறார்கள், பிள்ளைகளிடம் யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று அப்போது தெரியும். முடிவெடுக்க மே கடைசிவரை காத்திருக்கலாம், ஆனால் ஒரு தேதியை மறக்க வேண்டாம். அரசுப் பள்ளிகளில் ஆசிரியர் பணியிட நிர்ணயத்துக்கு ஆகஸ்ட் 1 அன்று உள்ள மாணவர் எண்ணிக்கையைத்தான் எடுக்கிறார்கள். 60 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். மூன்றாவது ஆசிரியரைக் கேட்க 61-ஆவது பிள்ளை வேண்டும்.