ஃபிலிம் கேமரா: தாத்தா காலத்துப் பெட்டியை இளைஞர்கள் ஏன் மறுபடியும் கையில் எடுக்கிறார்கள்?

கெடாவில் தோட்டத்துப் பின்னணி உள்ள குடும்பமா உங்களுடையது? அப்படியென்றால் பாட்டி வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய பிஸ்கட் டின், கல்யாணப் பத்திரிகைகள், சிவப்பு நிற ஐ.சி. உறை. இவற்றுக்கு நடுவே தோல் உறை போட்ட ஒரு கேமரா இருக்கக்கூடும். யாஷிகா, கேனன், ஒலிம்பஸ் என்று ஏதாவது ஒரு பெயர். கூடவே பழுப்பு நிறத்தில் சுருண்டு கிடக்கும் ஃபிலிம் துண்டுகள்.

"இது இன்னும் வேலை செய்யுமா?" என்பதுதான் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. பல நேரம் செய்யும். ஆனால் அதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தச் சுருண்ட ஃபிலிம் இன்னும் எத்தனை நாள் தாங்கும்?

இரண்டுக்கும் இங்கே பதில் தேடுவோம்.

ஃபிலிம் கேமரா எப்படி வேலை செய்கிறது?

உங்கள் கைப்பேசியில் ஒளியைப் பிடிப்பது ஒரு சில்லு. ஃபிலிமில் அந்த வேலையைச் செய்வது வெள்ளி உப்பு. மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின்மேல் ஜெலட்டினில் கலந்து பூசப்பட்டிருக்கும். ஒளி பட்ட இடத்தில் வெள்ளி உப்பு மாறும். ஆனால் அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. ரசாயனத்தில் போட்டு எடுத்தால்தான் உருவம் வரும்.

இதைத்தான் நம்ம ஊரில் "படம் கழுவுறது" என்பார்கள். மலாயிலும் அதே வார்த்தைதான்: சூச்சி கம்பார்.

சாதாரண 35 மில்லிமீட்டர் ரோலில் 36 படம் எடுக்கலாம். ஒவ்வொரு படமும் 24-க்கு 36 மில்லிமீட்டர். இதைவிட அகலமான 120 ரோலைச் சதுரப் படம் எடுக்கும் கேமராவில் போட்டால் 12 படம்தான். எடுத்ததை உடனே பார்க்க முடியாது, அழிக்கவும் முடியாது.

அப்புறம் எதுக்கு இவ்வளவு சிரமம்?

ஃபிலிம் பிடித்தவர்கள் பொதுவாகச் சொல்லும் காரணங்கள் மூன்று.

முதலாவது, எண்ணிக்கை. ஃபிலிம் வாங்குவது, கழுவுவது, ஸ்கேன் செய்வது எல்லாவற்றுக்கும் ஆகும் ரிங்கிட்டைக் கூட்டி 36-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு 'கிளிக்' எவ்வளவு என்று தெரிந்துவிடும். அது தெரிந்தபின் கை சும்மா அமுக்காது. தீமிதித் திருவிழாவில் கைப்பேசியால் 300 படம் எடுப்பவர், ஃபிலிமில் பத்தே படம் எடுப்பார். அந்தப் பத்துக்காக முழு நேரமும் கண்ணைத் திறந்து வைத்திருப்பார்.

இரண்டாவது, கைவேலை. குவியம், துளை, வேகம் மூன்றையும் நீங்களே திருப்ப வேண்டும். தப்பு நடந்தால் எங்கே நடந்தது என்று புரியும்.

மூன்றாவது, காத்திருப்பு. படம் கைக்கு வரும்போது அந்த நாள் கொஞ்சம் மறந்து போயிருக்கும். மறுபடி ஞாபகம் வருவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

எந்தக் கேமரா? ஏன்?

பென்டாக்ஸ் கே1000: 1976 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்டது. படிக்கிற மாணவர்களுக்கு ஆசிரியர்கள் இன்றும் சிபாரிசு செய்யும் கேமரா. பேட்டரி ஒளிமானிக்கு மட்டும்தான். பேட்டரி தீர்ந்தாலும் படம் எடுக்கலாம்.

நிக்கான் எஃப்எம்2: 1982-ல் வந்தது. இதுவும் முழு இயந்திரம்தான், ஆனால் வினாடியில் 4,000-ல் ஒரு பங்கு வேகம் வரை போகும். ஸ்டீவ் மெக்கரி 1984-ல் பாகிஸ்தான் அகதி முகாமில் எடுத்த பச்சைக் கண் ஆப்கான் சிறுமியின் படம் இந்த வகைக் கேமராவில் எடுக்கப்பட்டதே.

கேனன் ஏஇ-1: 1976-ல் வந்தது. உள்ளே மைக்ரோபிராசசர் உண்டு. வேகத்தை நீங்கள் வைத்தால் துளையை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் பேட்டரி இல்லையென்றால் ஒரு படம்கூட எடுக்காது. வாங்கும்போது ஷட்டரை அமுக்கிக் காது கொடுத்துக் கேளுங்கள். 'கீச்' என்று சத்தம் வந்தால் எண்ணெய் காய்ந்திருக்கிறது, பழுதுபார்க்கச் செலவாகும்.

ஒலிம்பஸ் ட்ரிப் 35: 1967-ல் வந்தது. பேட்டரியே கிடையாது. லென்ஸைச் சுற்றியிருக்கும் செலினியம் வளையம் ஒளியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். வெளிச்சம் போதாவிட்டால் உள்ளே சிவப்புக் கொடி எழும்பும், ஷட்டர் பூட்டிக்கொள்ளும். ஃபிலிம் வீணாகாது. பால்காட்டில் விடியற்காலையில் எடுக்கப் போனால் இந்தச் சிவப்புக் கொடியை நிறையப் பார்ப்பீர்கள்!

யாஷிகா எலக்ட்ரோ 35: 1966-ல் வந்தது. மங்கிய வெளிச்சத்திலும் வேகத்தைத் தானே கணக்குப் போடும். அதன் பழைய பாதரச பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. மாற்று பேட்டரியும் ஓர் இணைப்புத் துண்டும் தேவைப்படும்.

இரட்டை லென்ஸ் கேமராக்கள்: ரோலிஃபிளெக்ஸ் 1929-ல் வந்தது. அதே வகையில் விலை குறைவானது யாஷிகாமேட். இதை முகத்துக்கு நேராகத் தூக்க வேண்டாம். வயிற்றருகே பிடித்துக் குனிந்து பார்க்க வேண்டும். படம் பிடிப்பவர் தலைகுனிந்து நிற்பதால் எதிரே இருப்பவருக்குக் கூச்சம் குறையும் என்பது இதை விரும்புவோர் சொல்லும் காரணம். இலங்கையின் லயனல் வென்ட், அமெரிக்காவின் விவியன் மேயர், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலா மூவரும் ரோலிஃபிளெக்ஸில் எடுத்தவர்கள்.

புதுசே வேண்டும் என்றால்? 2024-ல் பென்டாக்ஸ் 17 என்ற புதிய ஃபிலிம் கேமரா வெளியானது. ஒரு படத்தின் இடத்தில் இரண்டு படம் எடுக்கும். அதனால் 36 படச் சுருளில் 72 படம் கிடைக்கும். கைப்பேசிபோல் நெட்டுக்குத்தான படம் என்பதால் இளைஞர்களைக் குறிவைத்தது தெளிவாகவே தெரிகிறது.

ரப்பர் மரத்தடியில் ஒளிக் கணக்கு

நல்ல வெயிலில் ஒரு சுலபமான விதி உண்டு. துளையை எஃப்16-ல் வையுங்கள். வேகத்தை ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்குச் சமமாக வையுங்கள். ஐஎஸ்ஓ 200 ஃபிலிம் என்றால் வேகம் 200-ல் ஒரு பங்கு, கேமராவில் அதற்கு நெருக்கமானது 250. அலோர்ஸ்டார் வயல்வெளியில் உச்சி வெயிலுக்கு இது அப்படியே பொருந்தும்.

பால்காடு வேறு கதை. காலையில் மரத்தின் உள் அழுத்தம் அதிகமாக இருக்கும்போதுதான் பால் நன்றாக வடியும். அதனால்தான் பெரட்டு முடிந்து இருட்டோடு இருட்டாகச் சீவப் போவார்கள். அந்த நேரத்துக்கு ஐஎஸ்ஓ 400 அல்லது அதற்கு மேற்பட்ட ஃபிலிம் வேண்டும். துளையையும் நன்றாகத் திறக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், நம் தோல் நிறம். கேமராவின் ஒளிமானி எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். வெள்ளை வேட்டியும் வெளுத்த வானமும் படத்தில் நிறைந்திருந்தால் ஒளியைக் குறைத்துவிடும். முகம் கறுத்துப்போகும். முகத்துக்கு அருகில் போய் அளவெடுங்கள். வண்ண நெகட்டிவுக்குக் கொஞ்சம் ஒளி கூடினால் பாதகமில்லை, குறைந்தால்தான் கஷ்டம்.

"அந்தக் காலப் படத்துல பாட்டி முகமே தெரியலையே" என்று நீங்கள் கேட்டிருக்கலாம். அதற்குப் படம் பிடித்தவர் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. கோடாக் நிறுவனம் நிறங்களைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரிப் படத்துக்கு 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். பல ஆண்டுகள் நிறத்தின் அளவுகோல் அவர் முகமாகவே இருந்தது. பல இனத்தவர் முகங்கள் கொண்ட அட்டைகள் பின்னரே வந்தன.

கெடாவுக்கு இது ஏன் முக்கியம்?

அவசரகாலம் அறிவிக்கப்பட்ட 1948-ல் மலாயாவில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் படத்தோடும் கைரேகையோடும் அடையாள அட்டைக்குப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அதற்கு முன் கேமரா எதிரே நின்றே இராத தோட்டத் தொழிலாளர்கள் பலர் அப்போதுதான் நின்றார்கள். அரசாங்கத்துக்காக எடுத்த அந்தச் சின்னப் படமே சில குடும்பங்களில் கொள்ளுத்தாத்தாவின் ஒரே படம்.

அதற்குப் பிறகு வந்தவை நாமே நமக்காக எடுத்துக்கொண்டவை. சுங்கைப்பட்டாணி, கூலிம் என்று டவுனுக்குப் போய் ஸ்டுடியோவில் எடுத்த கல்யாணப் படம், லயத்து வாசலில் புது சைக்கிளோடு ஒரு படம், தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா.

அந்த இடங்கள் பலவும் இப்போது இல்லை. 1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். அவை துண்டாடப்பட்டன. தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒன்றாக இழந்தார்கள். அதைத் தடுக்கத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம். அப்படியும் பின்வந்த ஆண்டுகளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் தாமான்கள் வந்தன. லயங்கள் இடிந்தன, சில கோயில்கள் இடம் மாறின.

தோட்டம் இருந்த இடத்தில் இப்போது தாமான் இருந்தால், லயம் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, முருகன் கோயில் வாசலில் என்ன மரம் நின்றது என்பதற்கு மிச்சமிருக்கும் சாட்சி யார்? அந்த பிஸ்கட் டின்னில் இருக்கும் நெகட்டிவாகவே இருக்கலாம்.

பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. பினாங்கு மருத்துவர் ஊய் செங் கீ, 1979-ல் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா மக்களைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் பதிவு செய்தார். அவை 2011-ல் நூலாக வந்தன. இடையில் 32 ஆண்டுகள். நெகட்டிவ் பத்திரமாக இருந்ததால்தான் அந்த நூல் சாத்தியமானது.

உங்கள் வீட்டு நெகட்டிவ் சாகாமல் இருக்க

டின்னைத் திறந்ததும் புளித்த நெடி அடிக்கிறதா? ரப்பர் பாலை உறைய வைக்கும் அமிலத்தின் வாசம் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஃபிலிமின் அசிட்டேட் பட்டை சிதைந்து அமிலம் விடுகிறது என்று அர்த்தம். வெப்பமும் ஈரமும் அதை வேகப்படுத்தும், நம் நாட்டில் இரண்டுக்கும் குறைவில்லை. ஒரு சுருள் தொடங்கினால் பக்கத்தில் உள்ளதையும் கெடுக்கும். இப்படிச் செய்யுங்கள்:

• நெடி வருவதை உடனே தனியாகப் பிரியுங்கள். முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியது அதைத்தான்.

• மற்றவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள். கேமராவையும் இப்படியே வைத்தால் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்காது.

• ஓரத்தை மட்டும் பிடியுங்கள். விரல் ரேகை பட்டால் போகாது.

• ஒட்டும் பசை உள்ள ஆல்பத்திலிருந்து படத்தை வலுக்கட்டாயமாகப் பிய்க்காதீர்கள். ஆல்பத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

• வண்ணப் படங்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளியால் ஆனது, அதிக நாள் நிற்கும். வண்ணப் படம் சாயத்தால் ஆனது, வெளிறும். 1960-ல் நடந்த கல்யாணப் படம் பளிச்சென்று இருக்க, 1985-ல் எடுத்தது வெளிறிப் போயிருப்பதற்கு இதுதான் காரணம்.

• படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் எழுதுங்கள்: யார், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த வருஷம்.

ஃபிலிம் எவ்வளவு நாள் கிடைக்கும்?

உறுதி எதுவும் இல்லை. புகழ்பெற்ற கோடாக்ரோம் ஃபிலிமின் தயாரிப்பு 2009-ல் நின்றது. கடைசி ரோலைக் கோடாக் நிறுவனம் மெக்கரியிடம் கொடுத்தது. அதன் ஒரு பகுதியை அவர் இந்தியாவில் எடுத்தார். 2010 இறுதியோடு உலகில் அதைக் கழுவ இடமே இல்லாமல் போனது. கழுவாமல் விட்ட ரோல்களின் வண்ணம் அன்றோடு முடிந்தது. கோடாக்கே 2012-ல் திவால் பாதுகாப்புக் கோரியது. ஆனாலும் அதன் ஃபிலிம் உற்பத்தி நிற்கவில்லை, இன்றும் வாங்கலாம்.

வீட்டிலேயே கழுவ விரும்பினால் கறுப்பு வெள்ளையில் தொடங்குங்கள். அதற்கான குறிப்புகள் பொதுவாக 20 டிகிரி செல்சியஸ் என்று சொல்லும். நம் குழாய்த் தண்ணீர் அதைவிடச் சூடு. ஐஸ் போட்டுக் குளிர வையுங்கள், அல்லது நேரத்தைக் குறைக்கும் அட்டவணையைப் பின்பற்றுங்கள். வண்ண ஃபிலிமுக்கு 38 டிகிரி வரை சூடு வேண்டும், அதைக் கடைக்குக் கொடுப்பதே நல்லது.

முதல் ரோலை எங்கே எடுப்பது?

தோட்டம் தனியார் நிலம். உள்ளே போவதற்கு முன் அனுமதி கேளுங்கள். அங்கே வேலை செய்கிறவர்களிடமும் கேட்டுவிட்டு எடுங்கள், ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஆனால் முதல் படத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இந்த வாரக் கடைசியில் பாட்டியை வாசலில் வெளிச்சம் விழும் இடத்தில் உட்கார வையுங்கள். பழைய படங்களை மடியில் வையுங்கள். "இது யாரு பாட்டி, இது எந்த லயம்?" என்று கேட்டு, அவர் சொல்லும் பெயர்களை அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். படத்தை நாளைக்கும் ஸ்கேன் செய்யலாம். அந்தப் பெயர்கள் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.