அரபுக் குதிரையும் கொங்கு நாட்டுக் கொள்ளும்

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு ‘இராவுத்தர்’ என்பது பட்டப்பெயர். அச்சொல்லுக்குக் குதிரை வீரன் என்பது பொருள். அருணகிரிநாதர் தம் கந்தர் அலங்காரத்தில் மயிலேறும் முருகனையும் இராவுத்தன் என்றே விளிக்கிறார்; அந்நாளில் அச்சொல்லுக்கு இருந்த மதிப்பு அத்தகையது. லகான், சவாரி, ஜீனி எனத் தமிழில் வழங்கும் குதிரைச் சொற்கள் பாரசீகத்திலிருந்து வந்தவை. இவற்றைச் சொல்லிப் பெருமை கொள்ளும் நாம், அக்குதிரைகள் என்னவாயின என்று கேட்பது குறைவு.

கடல்வழிக் குதிரை இறக்குமதியைச் சங்க நூலான பட்டினப்பாலையே குறிப்பிடுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகின்றனர். எனினும் இவ்வணிகம் உச்சம் கண்டது 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாண்டியர் ஆட்சியில்தான். ஹுர்முஸ், கீஸ், ழஃபார், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து மரக்கலங்கள் காயல் துறைமுகத்தில் குதிரைகளை இறக்கின. கீஸ் தீவின் பெருவணிகர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தினார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராக அமர்ந்து, காயல் உள்ளிட்ட துறைமுகங்களை நிர்வகித்தார். ஒரு முஸ்லிம் வணிகக் குடும்பம் மதுரை அரசவையில் பெற்ற இவ்விடம் நம் வரலாற்று நூல்களில் தவறாது பேசப்படுகிறது.

பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. வழியில் கடலில் இறந்துபோன குதிரைக்கும் பாண்டியர் கருவூலம் முழு விலை தர வேண்டும் என்பது அதே ஒப்பந்தத்தின் விதி. கரையேறியவற்றின் நிலையோ இன்னும் பரிதாபம். மன்னர் ஆண்டுதோறும் 2,000-க்கு மேல் வாங்கியும், ஆண்டு முடிவில் 100 குதிரைகள்கூட உயிருடன் எஞ்சுவதில்லை என்று மார்கோ போலோ எழுதினார். பார்லியும் உலர்புல்லும் தின்று வளர்ந்த பிராணிக்கு இங்கே சோறும் இறைச்சியும் ஊட்டினார்களாம். நெய்யில் பிசைந்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்து, நாற்பது நாள் முளையில் கட்டிவைத்துக் கொழுக்கச் செய்து, பின் பழக்காமலேயே ஏறி விரட்டினார்கள் என்கிறார் வஸ்ஸாஃப். அன்பில்லாமல் அன்று, அறியாமையால் நேர்ந்த கொடுமை அது. மார்கோ போலோ வணிகர் மீதும் ஒரு குற்றம் சாட்டுகிறார்: குதிரை வைத்தியர்கள் இந்நாட்டுக்கு வந்துவிடாமல் அவர்களே தடுத்தார்கள், குதிரை செத்தால்தான் மறு ஆண்டு விற்பனை நடக்கும். அயல்நாட்டுப் பயணியின் மிகையுரை என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால், செத்த குதிரைக்கும் விலை கேட்ட விதியை எழுதிவைத்தவர் வஸ்ஸாஃப், நம்மவர். ஓடும் குதிரைகள் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் திருமறையின் 100-ஆவது அத்தியாயம், உடனே மனிதனின் நன்றிகெட்ட இயல்பைச் சுட்டுகிறது. அதை ஓதி வளர்ந்தவர்கள்தாம் அவ்வணிகர்களும்.

அரபுக் குதிரைக்கு ஓரளவேனும் ஒத்த நிலம் தமிழகத்தில் உண்டென்றால், அது வறண்ட கொங்கு மேட்டு நிலம் என்றே எனக்குத் தோன்றுகிறது. கிளுவை வேலி சூழ்ந்த காங்கயத்துக் கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல் விளைகிறது. மானாவாரியில் கொள்ளு விளைகிறது. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்னும் பழமொழி, அத்தானியம் குதிரைத் தீனியாக எவ்வளவு வேரூன்றியது என்பதைக் காட்டும். சோறு செய்யாததைக் கொள்ளு செய்தது.

1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் கஜலட்டிக் கணவாய் வழியே இறங்கியபோது, சத்தியமங்கலத்தில் கர்னல் ஃபிளாய்டின் குதிரைப்படை எதிர்நின்றது. பவானிக் கரையில் 13, 14 தேதிகளில் நடந்த போரின் முடிவில் கும்பினிப் படை கோவையை நோக்கிப் பின்வாங்கிற்று. இருதரப்புக் குதிரைகளும் தின்றது இம்மண்ணின் தானியத்தைத்தான். அதைப் பறிகொடுத்தவர்கள் பவானிக்கரை உழவர்கள். பீரங்கிகளை இழுத்தவை குதிரைகளல்ல, மாடுகள். அம்மாடுகளுக்கெனவே ‘அம்ரித் மஹால்’ என்றொரு துறையை நடத்தினார் திப்பு. படை நகர்வதே தீனியையும் பராமரிப்பையும் பொறுத்தது என்பதைப் பாண்டியரைவிட மைசூரார் நன்கு உணர்ந்திருந்தனர்.

1799-இல் கோவை கும்பினி வசமாயிற்று. ஓசூரை அடுத்த மத்திகிரியில் படைக்குதிரைகளுக்காக 1824-இல் ஏற்பட்ட பண்ணை பின்னாளில் கால்நடைப் பண்ணையாக மாறியது. நகரத் தெருக்களில் எஞ்சிய குதிரைகள் ஜட்கா வண்டிகளில் பூட்டப்பட்டன.

ஈரோடு மாவட்டத்து அந்தியூரில், குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டி இன்றும் குதிரைச் சந்தை கூடுகிறது. திப்பு தம் படைக்குக் குதிரை வாங்கிய சந்தை இது என்பது அங்குள்ளோர் வாய்வழிச் செய்தி. மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. வாங்க வருபவர் முதலில் பல்லைப் பார்த்து வயதைக் கணிக்கிறார். பிறகு குளம்பைத் தூக்கி லாடத்தைப் பார்க்கிறார். கடைசியில்தான் விலையைக் கேட்கிறார்.