நண்பர் குழாமும் நகைச்சுவைப் படங்களும்

பிறமொழி வழங்கும் ஊர்களில் வாழும் தமிழர்க்கு ஓர் அனுபவம் உண்டு. புகைவண்டியிலோ பேருந்திலோ முன்னிருக்கையில் அமர்ந்து இரு நண்பர்கள் தமிழில் ஒருவரையொருவர் கேலி பேசிக்கொண்டு வருவர். அவர்கள் பேசும் செய்தி நமக்குத் தெரியாது. குறிப்பிடும் மனிதரை நாம் கண்டதும் இல்லை. ஆயினும் செவி தானாகவே அப்பக்கம் சாயும். நாம் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டால், பேச்சின் முடிவைக் கேளாமல் இறங்குகிறோமே என்றொரு சிறு வருத்தமும் எழும்.

இவ்வாறு அயலார் நட்பை ஒட்டுக்கேட்கும் இன்பத்தைக் கொண்டே அமெரிக்கத் திரைப்படத் தொழில் ஒரு காலத்தில் பெரும்பொருள் ஈட்டியது. புகழ்பெற்ற பாடகரும் விகடகவியும் தம் நண்பரோடு கூடி நடித்த அப்படங்களில் கதை பெயரளவுக்கே இருக்கும். திரையில் தோன்றும் பாத்திரத்தை மறந்துவிட்டு, நடிப்பவரையே மக்கள் பார்த்துச் சிரித்தனர். அவ்வகையில் தலைசிறந்தவை பிங் கிராஸ்பியும் பாப் ஹோப்பும் சேர்ந்து நடித்த ஏழு படங்கள். ‘சிங்கப்பூருக்குப் போகும் வழி’, ‘மொராக்கோவுக்குப் போகும் வழி’ என்ற பாங்கிலேயே எல்லாவற்றுக்கும் பெயர் அமைந்தமையால், அவற்றை வழிப் படங்கள் என்றே இங்குக் குறிப்பிடுவேன்.

இருவரும் 1903-ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். கிராஸ்பி அமெரிக்காவின் மேற்குக் கோடியில் பிறந்தவர். ஹோப் இங்கிலாந்தில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறியவர். 1932 டிசம்பரில் நியூயார்க் நகரத்துக் காப்பிடால் அரங்கில் ஒரே நிகழ்ச்சியில் பங்குகொண்டபோது, இடையிடையே சிறு விகடக் காட்சிகளைச் சேர்ந்து நடித்துப் பார்த்தனர். அவ்விளையாட்டே பின்னாளில் திரைக்கு வந்தது.

ஆனால் அரங்கினும் திரையினும் மேலாக இந்நட்பை வளர்த்த தாய் வானொலியே ஆகும். 1936 முதல் கிராஸ்பி வியாழக்கிழமை இரவுகளில் ஓர் இசை நிகழ்ச்சியை நடத்தி வந்தார். 1938 முதல் ஹோப்புக்குச் செவ்வாய்க்கிழமை இரவில் ஒரு விகட நிகழ்ச்சி கிடைத்தது. ஒருவர் நிகழ்ச்சிக்கு மற்றவர் விருந்தினராய் வருவார். வராத நாளிலும் வசைக்குக் குறைவில்லை. கிராஸ்பியின் குதிரைகள் பந்தயத்தில் தோற்பதை ஹோப் எள்ளி நகையாடுவார். ஹோப்பின் மூக்கின் நீளத்தைக் கிராஸ்பி விடமாட்டார். இது வாரந்தோறும் கோடிக்கணக்கான வீடுகளின் கூடத்தில் ஒலித்தது. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே கேள்வியால் நண்பரானதைச் சங்கநூலில் படிக்கிறோம். அமெரிக்க நேயர்களும் ஏறத்தாழ அவ்வாறே, கேட்டுக் கேட்டு இவ்விருவர்க்கும் நண்பராயினர். அவர்களின் நட்பு ஒருதலை நட்பு என்பது மட்டுமே வேறுபாடு.

ஆகவே 1940-ல் முதற்படமாகிய ‘ரோடு டு சிங்கப்பூர்’ வெளிவந்தபோது, திரையில் வந்தவர்களை எவரும் அறிமுகம் செய்யவேண்டிய தேவை இருக்கவில்லை. படங்களின் கதைப்போக்கு ஏறத்தாழ ஒன்றுதான். கையில் காசில்லாத இரு நண்பர்கள் ஏதோ தவறு செய்துவிட்டுத் தொலைதேசம் ஓடுவர். அங்கே ஒரே பெண்ணைக் காதலிப்பர். கிராஸ்பி ஹோப்பை ஏமாற்றுவார். இறுதியில் பெரும்பாலும் கிராஸ்பிக்கே வெற்றி கிட்டும். டாரதி லமூர் என்னும் நடிகை அப்பெண்ணாக வருவார்.

கதாசிரியர் எழுதித்தந்த வசனத்தோடு இருவரும் நிற்பதில்லை. ஹோப் தம் வானொலி எழுத்தாளரிடம் புதிய கேலிகளை எழுதி வாங்கிக்கொண்டு வருவார். கிராஸ்பியும் சும்மா இருக்கமாட்டார். ஒத்திகையில் இல்லாத சொல் ஒன்று படப்பிடிப்பில் திடீரெனப் பாயும். மற்றவர் அதற்கு விடை தேடவேண்டும். அவ்வாறு ஒருவர் மற்றவரை மடக்கும்போது கண்ணில் தோன்றும் மின்னலை எழுதி வைத்து நடித்துவிட முடியாது. படம் பார்ப்போர் காசு கொடுத்தது அந்த மின்னலுக்குத்தான்.

எதிரிகளிடம் அகப்பட்டுக்கொண்டால் இருவரும் சிறுபிள்ளைகளைப்போல் எதிரெதிரே நின்று கைகொட்டி விளையாடத் தொடங்குவர். எதிரி வியந்து நோக்குகையில் இருவர் கையும் அவன் முகத்தில் பாயும். இவ்வுத்தி பிந்திய படங்களிலும் திரும்பத் திரும்ப வரும். ஒருமுறை எதிரி இதனை முன்பே அறிந்தவனாகத் தானே முந்திக்கொள்கிறான். முந்தைய படத்தைப் பார்த்தவர்க்கே இச்சிரிப்பின் முழுச்சுவை தெரியும். நாம் உட்கூட்டத்தைச் சேர்ந்தவர் என்னும் பெருமையும் அச்சிரிப்போடு சேர்ந்துகொள்கிறது.

1942-ல் வந்த ‘ரோடு டு மொராக்கோ’வில் ஓர் ஒட்டகம் ஹோப்பின் முகத்தில் காறி உமிழ்கிறது. எவரும் அதற்குப் பயிற்சி தரவில்லை. அது தானாகவே செய்த காரியம். இயக்குநர் டேவிட் பட்லர் அதனை வெட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டார். அப்படத்தின் நகைச்சுவைகளில் என்னை இன்றும் சிரிக்க வைப்பது இந்த ஒட்டகந்தான்.

காலமும் இப்படங்களுக்குத் துணை நின்றது. மொராக்கோப் படம் வெளிவந்த 1942 நவம்பரில்தான் நேசநாட்டுப் படைகள் மெய்யான மொராக்கோக் கரையில் இறங்கின. வீட்டில் மகனைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டுக் கலங்கியிருந்தவர்க்கு, எத்துணை இடர் வந்தாலும் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே தப்பிவிடும் இரு தோழர்களின் காட்சி ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். ஹோப் 1941 முதல் படைமுகாம்களுக்கே நேரில் சென்று வீரர்களைச் சிரிக்க வைத்தார் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ளலாம்.

ஆயினும் இந்த நட்பு வட்டத்துக்கு வெளியே நின்றவர் யாவர் என்று கேட்காமல் இவ்வரலாற்றைச் சொல்லிவிட முடியாது. முதலாமவர் டாரதி லமூர். இரவெல்லாம் வசனத்தை நெட்டுருச் செய்துவிட்டு வருவார். காலையில் நண்பர் இருவரும் எழுதாத சொற்களைப் பந்தாடிக்கொண்டிருக்க, தாம் எங்கே வாய்திறப்பது என்று தெரியாமல் திகைப்பார். பின்னர் வசனம் படிப்பதையே கைவிட்டு, இடைவெளி கண்டபோது நுழைந்துகொள்ளப் பழகினார். 1947-ல் ‘ரோடு டு ரியோ’ உருவானபோது கிராஸ்பியும் ஹோப்பும் பாரமௌண்டு நிறுவனமும் மூன்றில் ஒரு பங்கு வீதம் உரிமை கொண்டனர். லமூருக்குப் பங்கில்லை. 1962-ல் கடைசிப் படமாகிய ‘ரோடு டு ஹாங்காங்’ எடுத்தபோது தலைமைப் பெண்பாத்திரமும் ஜோன் காலின்ஸ் என்னும் இளைய நடிகைக்குச் சென்றது. லமூர் தம் சொந்தப் பெயரிலேயே சிறிது நேரம் வந்துபோகிறார்.

வெளியே நின்றோரில் நம்மவரும் உண்டு. சிங்கப்பூரின் பெயரைத் தாங்கிய முதற்படத்தின் பெரும்பகுதி கைகூன் என்ற கற்பனைத் தீவில் நடக்கிறது. மெய்யான சிங்கப்பூரில் அந்த 1940-ஆம் ஆண்டில் தமிழர் வாழ்ந்த தெருக்கள் இருந்தன. 1935-ல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ அங்கே அச்சாகிக்கொண்டிருந்தது. ஹாலிவுட்டில் அட்டையாலும் சாந்தாலும் அமைத்த கீழ்த்திசையில் அவற்றுக்கு இடமில்லை. அத்திசை மக்கள் நண்பர் இருவரும் தடுக்கி விழுவதற்கான திரைச்சீலையாகவே பயன்பட்டனர். கடைசிப் படத்திலும் இந்திய மருத்துவராக வேடமிட்டு, நம்மவர் ஆங்கிலம் பேசும் முறையைப் பகடி செய்தவர் பீட்டர் செல்லர்ஸ் என்ற ஆங்கிலேய நடிகர்தான். அக்காட்சியில் சிரிப்பு வருகிறது. சிரித்தபின் சற்றே நாணமும் வருகிறது.

அந்தக் கடைசிப் படத்தின் முடிவில் பிராங்க் சினாட்ராவும் டீன் மார்ட்டினும் ஒரு கணம் தோன்றுகின்றனர். பழைய நண்பர் குழாம் புதிய குழாத்திடம் பட்டத்தை ஒப்படைப்பது போன்ற காட்சி அது. ஏனெனில் அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே சினாட்ரா, மார்ட்டின், சாமி டேவிஸ், பீட்டர் லாபோர்டு, ஜோயி பிஷப் ஆகிய ஐவரும் ‘ஓஷன்ஸ் லெவன்’ படத்தில் கூடி நடித்திருந்தனர். 1960 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பகலில் லாஸ் வேகாஸ் நகரில் படப்பிடிப்பு. இரவில் அந்நகரத்துச் சாண்ட்ஸ் ஓட்டலின் மேடையில் ஐவரும் ஆடிப்பாடிக் கேலி பேசுவர். பிப்ரவரி 7-ஆம் நாள், குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட ஜான் கென்னடியே வந்து அமர்ந்து பார்த்தார். லாபோர்டு அவருடைய தங்கையின் கணவர்.

படத்தில் பழைய போர்த்தோழர் பதினொருவர் ஒரே இரவில் ஐந்து சூதாட்ட விடுதிகளைக் கொள்ளையிடுகின்றனர். முன்னைப் படங்களில் விடாப்பேச்சு; இதிலோ அலட்சியம். வேலை செய்வதாகவே தோன்றாமல் வேலை செய்யும் ஒய்யாரத்தை மக்கள் விரும்பினர். இறுதிக் காட்சியில், கொள்ளையிட்ட பொருள் தீக்கிரையாகிப்போக, நண்பர்கள் வெறுங்கையுடன் வீதியில் நடந்து செல்கின்றனர். பின்னால் சாண்ட்ஸ் ஓட்டலின் பெயர்ப்பலகையில் அந்த ஐந்து நடிகர்களின் மெய்ப்பெயர்களும் எழுதப்பட்டுள்ளன. கதை எது, வாழ்க்கை எது என்ற எல்லைக்கோட்டை இதைவிடத் துணிவாக அழித்த காட்சியை நான் கண்டதில்லை.

அவ்வைவருள் டேவிஸ் கறுப்பர். முன்னாளில் அதே நகரத்தில், தாம் ஆடிப்பாடிய ஓட்டலில் தங்க இடம் பெறாமல், மேற்குப்புறத்துச் சேரியிலுள்ள விடுதிக்குச் சென்று உறங்கியவர். படப்பிடிப்பு முடிந்து ஒரு மாதத்துக்குப் பின்னரே, 1960 மார்ச் 26-ல், ஓட்டல்காரர்கள் நிறத்தடையை நீக்க உடன்பட்டனர். திரையில் அவருக்குக் குப்பை வண்டி ஓட்டும் வேடம் தரப்பட்டது. மேடையில் நண்பர்கள் அவர் நிறத்தையே கேலிப்பொருளாக்கினர். எல்லாரிலும் உரக்கச் சிரித்தவர் அவரே.

அடுத்து 1962-ல் வந்தது ‘சார்ஜெண்ட்ஸ் த்ரீ’. இதன் மூலக்கதை நம்மவர்க்குப் புதிதன்று. இந்திய எல்லையில் ஆங்கிலச் சிப்பாய்களுக்குத் தண்ணீர் சுமக்கும் ‘கங்கா தீன்’ என்பவனைப் பற்றி 1939-ல் ஹாலிவுட் ஒரு படம் எடுத்தது. இந்தியரை இழிவுபடுத்துகிறதென்று நம் பத்திரிகைகள் கண்டித்தன; வங்காளத்திலும் பம்பாயிலும் அதற்குத் தடை விதிக்கப்பட்டது. அக்கதையையே அமெரிக்கக் குதிரைப்படைக் கதையாக மாற்றினர். மூன்று சார்ஜெண்டுகளாகச் சினாட்ராவும் மார்ட்டினும் லாபோர்டும் நடித்தனர். படைவீரனாகும் ஆசையுடன் அவர்கள் பின்னே அலையும் கங்கா தீனின் இடம், விடுதலை பெற்ற அடிமையின் வேடமாக, டேவிஸுக்குக் கிடைத்தது.

சினாட்ரா அவரைக் கைவிட்டவரென்று சொல்வது நியாயமாகாது. 1960 நவம்பரில் டேவிஸ் ஸ்வீடன் நாட்டு வெள்ளை நடிகை மே பிரிட்டை மணந்தபோது மாப்பிள்ளைத் தோழராய் நின்றவர் சினாட்ராவே. ஆனால் அத்திருமணம் கென்னடியின் தேர்தலுக்குப் பின்னர் நடக்குமாறு தள்ளிவைக்கப்பட்டிருந்தது. கென்னடிக்காக மேடைதோறும் பாடிய டேவிஸை, 1961 ஜனவரியில் சினாட்ராவும் லாபோர்டும் முன்னின்று நடத்திய பதவியேற்பு விழாக் கலைநிகழ்ச்சிக்கு வரவேண்டாமென்று சொல்லிவிட்டனர்.

ஓராண்டு சென்றபின் புறக்கணிப்பு சினாட்ராவையே தேடி வந்தது. கென்னடி வந்து தங்குவாரென்று பாலைவனத்திலுள்ள தம் வீட்டை அவர் விரிவுபடுத்தி வைத்திருந்தார். குற்றக்கும்பலோடு அவருக்கிருந்த பழக்கத்தைக் காரணங்காட்டி, 1962 மார்ச்சில் தலைவர் வேறொருவர் வீட்டில் தங்கினார். அந்த வீட்டுக்காரர் பிங் கிராஸ்பி! செய்தி சொல்ல வந்த லாபோர்டை அன்றோடு சினாட்ரா விலக்கினார். 1964-ல் ‘ராபின் அண்ட் த செவன் ஹூட்ஸ்’ வெளிவந்தபோது, லாபோர்டுக்கென்று வைத்திருந்த வேடத்தில் நடித்தவரும் கிராஸ்பியே. படத்தில் எல்லாரும் எப்போதும்போலவே சிரித்து விளையாடுகின்றனர். இந்த வரலாற்றை அறியாதவர் அப்படத்தில் எக்குறையும் காணமாட்டார்.

கிராஸ்பி 1977-ல் ஸ்பெயின் நாட்டில் கால்ப் ஆட்டம் முடிந்தவுடன் மாரடைப்பால் காலமானார். அப்போது ஹோப், லமூர் இருவருடனும் எட்டாவது வழிப் படமொன்று எடுக்கும் திட்டம் இருந்தது. ஹோப் நூறு வயது நிரம்பி 2003-ல் மறைந்தார். சாமி டேவிஸ் 1990 மே 16-ல் இறந்தார். இரண்டு நாள் கழித்து, லாஸ் வேகாஸ் பெருவீதியில் ஓட்டல்களின் விளக்குகளைப் பத்து நிமிடம் அணைத்து வைத்தார்கள்.