பருவம் பார்த்துத் தோல் வாங்கிய காலம்

என் தந்தை வாணியம்பாடி மண்டியில் தோல் தரம் பிரித்தவர். ஆட்டுத்தோலை விரித்துக் கழுத்திலிருந்து வால்வரை கட்டைவிரலால் தடவுவார். பிறகு ஒரு கொத்து முடியைப் பிடித்து இழுப்பார். கையோடு வந்துவிட்டால், உப்பிடத் தாமதித்திருக்கிறார்கள், தோல் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். கோடையில் அறுத்த சில மணி நேரத்துக்குள் உப்பு ஏறியாக வேண்டும்.

குளிர்நாட்டு வேட்டைக்காரர்கள் ரோமம் அடரும் பனிக்காலத்துக்காகக் காத்திருப்பார்கள். எங்கள் பாலாற்றங்கரையிலோ ரோமம் சுண்ணாம்புத் தொட்டியிலேயே கழிந்துவிடும். இங்கே தோலின் கனமும் வழவழப்பும்தான் விலை. மழைக்குப் பின் பசும்புல் மேய்ந்த ஆட்டின் தோல் நிறைவாக இருக்கும். மழை பொய்த்த 1876-78 தாதுப் பஞ்சத்திலோ பட்டினியால் மடிந்த மாடுகளின் தோல் சென்னையிலிருந்து கப்பலேறியது. அதை வணிக வளர்ச்சி என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட நாளில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் பெரிய இடைஞ்சல். தோல் நிழலில் மெல்ல உலர வேண்டும். கடும் வெயில் பட்டால் விறைக்கும், ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும். குரோம் முறையும் உலர்த்தும் இயந்திரங்களும் வந்தபின் அந்தக் கவலை குறைந்தது, ஆனால் கழிவுநீரால் பாலாறு கெட்டது. 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

ஆடுகளைக் குர்பானியாக அறுக்கும் பக்ரீத் திருநாளோ எந்தப் பருவத்துக்கும் கட்டுப்படாது. ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னே நகரும். குர்பானி கொடுப்பவர்களே, தோலை பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். உடனே விரித்து, உள்பக்கம் முழுக்கக் கல்லுப்பைத் தேயுங்கள்.