வடமீனும் தில்லை வைகறையும்

மார்கழித் திருவாதிரை நாளின் வைகறையில், தில்லை ஆயிரக்கால் மண்டபத்தே கூத்தப்பெருமானுக்கு நிகழும் திருமுழுக்கினைக் காணக் குழுமும் அன்பர் பல்லாயிரவர். அவருள் அண்ணாந்து வானை நோக்குவார் மிகச் சிலரே. நோக்கின், ஆதிரைச் செம்மீன் மேற்றிசையிற் சாய்ந்திருப்பதும், எழுமுனிவர் எனப்படும் ஏழு மீன்கள் வடதிசையில் ஓங்கி நிற்பதும் ஒருங்கே காணலாகும். ஆதிரையின் பெருமையைப் பரிபாடல் தொட்டு அப்பரடிகளின் திருவாதிரைத் திருப்பதிகம் ஈறாக அறிஞர் பலர் ஆராய்ந்துளர். வடமீனைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தாம்.

கபிலர் மலையமான் திருமுடிக்காரியைப் பாடிய புறநானூற்று 122-ஆம் பாட்டில், அவன் தேவியின் கற்பிற்கு வடமீனாகிய அருந்ததி உவமையாயிற்று. காரியின் கோவலூர் பெண்ணையாற்றங் கரையது. அவ்யாறு கடலூரின் அருகே கடலொடு கலக்கின்றது. எனவே அவ்வுவமை நம் பகுதியோர் நாளுங் கண்ட வானத்திற்கு அயலானதன்று. நற்றிணை 231-ஆம் பாட்டோ, கடலில் நீராடும் காக்கைகட்கு மக்கள் வழிபடும் எழுமீனை உவமை கூறுகின்றது.

வடக்கே நிற்பது துருவனன்றோ, அருந்ததியை வடமீன் என்றது என்னையெனின், கூறுதும். நிலவுலகின் அச்சு ஏறக்குறைய 26,000 ஆண்டிற்கு ஒருமுறை வானில் வட்டமிடுதலின், வடமுனை ஒரு மீனிடத்தே நிலைபெறுவதில்லை. இன்று முனைக்கு ஒரு பாகைக்குள் நிற்கும் துருவமீன், நாவரசர் கல்லொடு மிதந்து திருப்பாதிரிப்புலியூரிற் கரையேறிய 7-ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 8 பாகையும், 2,000 ஆண்டிற்குமுன் ஏறத்தாழ 12 பாகையும் விலகியிருந்தது. தில்லையில் வடமுனையின் உயரமே பதினொன்றரைப் பாகையளவினது. ஆதலின் சங்கச் சான்றோர் கண்ட அம்மீன், அடிவானளவும் தாழ்ந்து எழுந்ததேயன்றி அசையாது நின்றதன்று. அருந்ததியின் கற்பு புராண வழக்குப் பற்றியதாயினும், அவட்கு வடமீன் என்னும் பெயர் வாய்த்தமைக்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும் என்பது எம் கருத்து. புராணத் துருவனுக்கு இதனால் இழுக்கென அஞ்சுவார் உளர், அவ்வச்சம் வேண்டா. கி.மு. 2800-ஐ ஒட்டி வேறொரு மீன் முனையருகே நின்றது. காலத்தையும் மாயையின் காரியமாகிய தத்துவங்களுள் ஒன்றாக எண்ணும் சித்தாந்திகட்கு, விண்மீனும் பெயர்தல் வியப்பாமோ?

இனி, காணுமாறு. சித்திரை வைகாசித் திங்களின் முன்னிரவில், கடலூர்த் தேவனாம்பட்டினக் கடற்கரையில் வடக்கு நோக்கி நிற்க. கவிழ்த்த அகப்பை போலத் தோன்றுவதே எழுமீன். இடப்புறத்து ஓரத்து இருமீன்களுள் மேலது புலகர், கீழது கிரது. புலகரினின்று கிரதுவின் வழியே கோடிழுத்து, அவ்விடைவெளிபோல் ஐந்து மடங்கு கீழே செல்லின் துருவன் புலனாகும். அதன் உயரம், கைநீட்டிப் பிடித்த முட்டியளவிற்குச் சற்று மேல். காம்பின் மூன்று மீன்களுள் நடுவணது வசிட்டர். அவரை ஒட்டி மங்கித் தோன்றும் சிறுமீனே அருந்ததி.

இக்காலத்து மணவினைகளிலோ, பட்டப்பகலில் பந்தற் கூரையைச் சுட்டி அருந்ததி காட்டுகின்றனர். மணமக்களும் கண்டதாகத் தலையசைக்கின்றனர்! ஓரிரவு வெளியே அழைத்துச் சென்று காட்டுதல் அரிதோ? ஆயினும் கார்த்திகைத் திங்களில் முன்னிரவில் தேடற்க. 41 பாகைக்கு வடக்கேயுள்ள நாடுகளில் எழுமீன் ஒருபோதும் மறைவதில்லை. நமக்கோ அத்திங்களில் அது வைகறையிலேதான் தோன்றும்.