25 எழுத்துகள்

மரபணு என்பது இடைவெளியே இல்லாத ஒரு நீண்ட வாக்கியம் என்ற எண்ணம் 1977இல் உடைந்தது. சளிக்காய்ச்சல் தரும் ஒரு வைரஸை ஆராய்ந்த பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவரின் குழுக்களும் தனித்தனியே ஒன்றைக் கண்டார்கள். புரதத்துக்கான பகுதிகள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. அவற்றின் நடுவே வருபவை இன்ட்ரான்கள். செல் முதலில் எல்லாவற்றையும் ஆர்என்ஏவாகப் படியெடுக்கும், பிறகு இன்ட்ரான்களை வெட்டியெறிந்துவிட்டு மீதியை ஒட்டும். இதுதான் ஸ்பிளைசிங். 1993இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, தூக்கியெறியப்படும் பகுதியில் பிழை இருந்தால் என்ன ஆகிவிடும்? நிறைய ஆகும். எங்கே வெட்டணும் என்கிற குறிப்பில் பெரும்பங்கு அந்த இன்ட்ரானுக்குள்தான் இருக்கிறது.

இதயத்தசையின் சுருக்கத்தை ஒழுங்குபடுத்தும் ஒரு புரதத்துக்கான மரபணு எம்ஒய்பிபிசி3. இதில் பிழை நேர்ந்தால் இதயச்சுவர் தடிக்கும் நோய் வரலாம் என்பது 1995இல் தெரிந்தது. 2003இல் இந்தியக் குடும்பங்களில் ஒரு விசித்திரமான மாற்றம் கிடைத்தது: 32ஆவது இன்ட்ரானில் 25 எழுத்துகளைக் காணோம். வெட்டும் குறிப்பும் அதோடு போய்விட்டதால், செல் 33ஆவது எக்ஸானைத் தாண்டிவிடுகிறது. புரதத்தின் வால் மாறிப்போகிறது.

2009இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பெருந்துறை எஸ். தண்டபாணி, ஹைதராபாத் சிசிஎம்பியின் கே. தங்கராஜ் உள்ளிட்டோரின் கட்டுரை வெளியானபோதுதான் இதன் அளவு புரிந்தது. இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4 சதவீதம் பேரிடம், அதாவது 25 பேரில் ஒருவரிடம், இந்த இழப்பு இருக்கிறது. வயது ஏறத்தாழ 33,000 ஆண்டுகள். நோய்க்கான சாத்தியம் சுமார் 7 மடங்கு என்றார்கள். இவ்வளவு கெட்டது எப்படி இத்தனை தலைமுறை தாண்டி வந்தது? பிள்ளை பெற்று முடித்த வயதுக்குப் பிறகே பெரும்பாலும் தொல்லை தருவதால், இயற்கைத் தேர்வின் கண்ணில் படவில்லை என்பது அன்றைய விளக்கம்.

கதை அங்கே முடியவில்லை. 25இல் ஒருவருக்கு இருந்தும் பெரும்பாலானோர் நன்றாகத்தானே இருக்கிறார்கள்? 2020இல் பிரிட்டனில் தெற்காசிய நோயாளிகளின் முழு மரபணுப் பகுதியையும் படித்தவர்கள் இன்னொரு மாற்றத்தைப் பிடித்தார்கள். 25 எழுத்து இழந்தவர்களில் ஒரு சிறு பிரிவினருக்கு, அதே மரபணுவில் வேறோர் எக்ஸானுக்கு 52 எழுத்து முன்னால், 'ஜி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஏ'. அந்த ஓர் எழுத்து பொய்யான வெட்டுக்குறியாகிவிடுகிறது. இன்ட்ரானின் 50 எழுத்துகள் உள்ளே நுழைகின்றன. செல் படிப்பது மும்மூன்று எழுத்தாக. 50ஐ மூன்றால் வகுக்க முடியாது. அதற்குப் பிறகு வரும் வாக்கியமே குலைந்துபோகிறது. நோயோடு கண்ட தொடர்புக்குப் பெரும்பாலும் இந்த எழுத்தே காரணம், 25 எழுத்து இழப்பு மட்டும் இருந்தால் ஆபத்து மிகக் குறைவு என்பது அவர்கள் முடிவு.

குடும்பங்களுக்கு இது வெறும் ஆய்வுச் சண்டை இல்லை. பரிசோதனை அறிக்கையில் அந்த 25 எழுத்து இழப்பைப் பார்த்ததும் ஒருவர் தன்னை நோயாளி என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. எக்ஸான்களை மட்டும் படிக்கும் வழக்கமான சோதனையோ அந்த 'ஏ'வைப் பார்ப்பதே இல்லை. குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்பதும், ஒரு எக்கோ எடுத்துப் பார்ப்பதும் இன்றும் அவசியமாக இருப்பது அதனால்தான்.