மூடில் வினாச் செருகுநிரல்கள்

மூடில் வினாச் செருகுநிரல்கள் என்பவை, மூடில் என்னும் கட்டற்ற கற்றல் மேலாண்மை மென்பொருளின் தேர்வுப் பகுதிக்கு வசதிகளைச் சேர்க்கும் தனி நிரல் தொகுதிகள் ஆகும். மூடிலின் 1.0 பதிப்பு 2002 ஆகஸ்டில் வெளியானது. இதனைத் தொடங்கியவர் மார்ட்டின் டூகியாமாஸ்.

அமைப்பு

மூடிலில் தேர்வு என்பது ஒரே நிரலின் வேலையன்று. வினாவைக் காட்டி விடையைச் சரிபார்ப்பது வினா வகை. முடிவை உடனே தெரிவிப்பதா, மறுமுயற்சி தருவதா எனத் தீர்மானிப்பது வினா நடத்தை. இவற்றுடன், தேர்வுக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்தும் அணுகல் விதிகளும் அறிக்கைகளும் தனித்தனிச் செருகுநிரல்களாகவே உள்ளன. மென்பொருளுடன் வரும் பலவுள் தெரிவு வினாவும் ஒரு செருகுநிரலே. வெளியார் எழுதுபவற்றுக்கும் அதற்கும் கட்டமைப்பில் வேறுபாடு இல்லை.

வினா நடத்தை தனி வகையானது 2011 இல் வெளியான 2.1 பதிப்பில்தான். உறுதிநிலை மதிப்பீடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாணவர் தம் விடையில் தமக்குள்ள உறுதியை மூன்று நிலைகளுள் ஒன்றாகக் குறிப்பிட வேண்டும். நிலைக்கேற்பச் சரியான விடைக்கு 1, 2, 3 எனவும், தவறான விடைக்கு 0, -2, -6 எனவும் மதிப்பெண் கிடைக்கும். குருட்டூகம் இங்கே எடுபடாது. ஒருமுறை எழுதப்பட்ட இந்நடத்தை, கணினியே திருத்தும் பல வினா வகைகளுக்கும் பொருந்துகிறது.

வெளியார் உருவாக்கியவை

கிறிஸ் சாங்வின் தொடங்கிய ஸ்டாக், மாணவர் உள்ளிடும் கோவையை மாக்சிமா என்னும் கணினி இயற்கணித மென்பொருளுக்கு அனுப்பிச் சரிபார்க்கிறது. விடை விரித்த வடிவில் இருந்தாலும் காரணிப்படுத்திய வடிவில் இருந்தாலும் சமமானதா என்பதை அறியும். காரணிப்படுத்திய வடிவம்தான் வேண்டும் என்று ஆசிரியர் கேட்கவும் இயலும்.

நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லாப் உருவாக்கிய கோட்ரன்னர், மாணவரின் நிரலை இயக்கிப் பார்த்தே மதிப்பெண் இடுகிறது. முன்பின் அறியாத நிரலை, வினாத்தாளும் மதிப்பெண்களும் இருக்கும் வழங்கியிலேயே இயக்குவது ஆபத்து. ஆகவே அது ஜோப் என்னும் வேறொரு வழங்கிக்கு அனுப்பப்படுகிறது. அந்த வழங்கியையும் யாரேனும் பராமரிக்க வேண்டும் என்பதைப் பல கல்லூரிகள் பிறகே உணர்கின்றன.

பராமரிப்பு

செருகுநிரலின் அடைவை உரிய இடத்தில் வைத்தால், மூடில் அதன் பதிப்பெண்ணைப் படித்துத் தேவையான தரவுத்தள அட்டவணைகளை உருவாக்கிக்கொள்ளும். நிறுவுவது எளிது, சிக்கல் மூடிலைப் புதுப்பிக்கும்போது எழுகிறது. புதிய பதிப்புக்கு ஏற்ப எவரும் திருத்தாத வினா வகையைக் கைவிட நேர்ந்தால், அவ்வகை வினாக்கள் 'வகை காணப்படவில்லை' என்ற நிலைக்குச் செல்லும். வினாவின் உரை எஞ்சியிருக்கும். ஆனால் திருத்தி மதிப்பெண் இட முடியாது. பல்லாண்டு சேர்த்த வினா வங்கியை ஒரு செருகுநிரலை நம்பி அமைப்போர், அது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதை முதலில் பார்ப்பது நல்லது.